காவற் கணினியும் கிணற்றடியும்

2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் மின் கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 66 வீதத்தால் உயர்த்தப்பட்டது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர், 2022 ஆகஸ்ட்டில், நூற்றுக்கு 75 வீதம் ஏறியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால் பழைய விலை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்த எனக்கு இந்தப் பெருக்கல் கடினமானதன்று. ஆயினும் அவ்வாண்டு பங்குனியில் வந்த மின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் திண்ணையில் இருந்தேன். விலை ஏறியதற்குக் காரணம் நாடறிந்தது. ஆனால் அலகு? அந்த மாதம் என் வீடு 206 அலகு மின்சாரத்தைச் செலவிட்டிருந்தது. வீட்டில் இருப்பவன் நான் ஒருவன். சமைப்பது எரிவாயுவில், குளிரூட்டும் பொறி கிடையாது, விளக்குகள் மூன்றோ நான்கோதான் எரியும். தனி மனிதன் ஒருவன் 206 அலகை எவ்வாறு உண்ண முடியும்?

விடை என் அறைக்குப் பக்கத்து அறையில் இரைந்துகொண்டிருந்தது.

என் துணைவியார் 2020இல் காலமானார். அடுத்த ஆண்டு, கனடாவிலுள்ள மகன் வீட்டுக்குக் கண்காணிப்புக் கமராக்கள் பூட்டுவித்தான். எங்கள் வலிகாமத்தில் அக்காலத்தில் களவு பற்றிய பேச்சு அதிகமாயிருந்தது. தனித்திருக்கும் தகப்பனைப் பற்றி அவனுக்குப் பயம். படலையில் ஒன்று, ஒழுங்கையை நோக்கி ஒன்று, திண்ணையில் ஒன்று, உள்மண்டபத்தில் ஒன்று, பின்கதவில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று என ஆறு கமராக்கள். அவை காண்பவற்றை இரவு பகலாகப் பதிவு செய்ய, அவன் முன்பு கொழும்பில் பாவித்த பழைய மேசைக் கணினி. அந்தக் கணினி 24 மணி நேரமும் நிற்காமல் ஓடிற்று. அதன் மின்விசிறி இரையும் ஓசை எனக்குப் பழகிப்போயிற்று. பழகிப்போன ஓசையை யாரும் கேட்பதில்லை.

சுன்னாகத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனை அழைத்தேன். அவன் வந்தபோது உள்ளங்கையளவு மானி ஒன்றைக் கொண்டுவந்தான். சுவரிலுள்ள மின்செருகிக்கும் கருவிக்கும் இடையில் அதைப் பூட்டினால், அந்தக் கருவி அந்தக் கணத்தில் எத்தனை வாற்று இழுக்கிறது என்பதை அது காட்டும்.

"சேர், முதல்லை ஒண்டையும் தொடாமல் அளந்து பார்ப்பம். அளக்காமல் திருத்தினால் திருத்தினதோ பழுதாக்கினதோ எண்டு தெரியாது" என்றான். எட்டாம் வகுப்பில் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் எனக்குத் திருப்பிச் சொன்னான்.

கணினியும் அதன் திரையும் சேர்ந்து 148 வாற்று. கமராக்களுக்கு மின்னூட்டும் பெட்டி 34 வாற்று. மொத்தம் 182. ஒரு பழைய குண்டு விளக்கை இரண்டு மணி நேரம் எரியவிட்டவர் அணைத்துவிடுவார். இதுவோ அணையாத அடுப்பு. 182 வாற்றை 24 மணியாலும் 30 நாளாலும் பெருக்கினால் மாதம் 131 அலகு வருகிறது. எனக்கு, என் விளக்குகளுக்கு, குளிர்சாதனப் பெட்டிக்கு, நீர் இறைக்கும் மோட்டருக்கு எல்லாம் சேர்த்து 75 அலகு. என்னைக் காவல் காக்கும் பொறிக்கு 131.

நமது நாட்டில் வீட்டு மின்சாரம் படிமுறையாக விலையிடப்படுகிறது என்பதை வாசகர் அறிவர். 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை. அதைக் கடந்தவருக்கு வேறு விலை. 180ஐக் கடந்தவர் நிற்பது உச்சப்படியில். அயலில் மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் 60க்குள் நிற்பதற்காக இரவில் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்திருக்கிறது. அந்தக் குடும்பம் இரண்டு மாதத்தில் செலவிடுவதைவிட அதிகமாக என் பயம் ஒரு மாதத்தில் செலவிட்டது.

தம்பி வேலையைத் தொடங்கினான். முதலில் திரை. யாருமில்லாத அறையில் ஆறு கட்டங்களாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. "ஆரும் பார்க்காத படம் ஆருக்காக ஓடுது, சேர்?" என்று கேட்டு அதை அணைத்தான். மானியில் 22 வாற்று இறங்கிற்று.

அடுத்துக் கணினியைத் திறந்தான். உள்ளே, கடைகளில் கிராபிக்ஸ் கார்ட் என்று சொல்லப்படும் பெரிய அட்டை ஒன்று தனி விசிறியோடு இருந்தது. மகன் இளமையில் கணினி விளையாட்டு ஆடுவதற்காகப் போட்டது அது. காவல் வேலைக்கு அது வேண்டியதில்லை. கணினியின் செயலியிலேயே படத்தைக் கையாளும் பகுதி உண்டு. சும்மா இருக்கும்போதும் அது மின்னைத் தின்றுகொண்டிருந்தது. கழற்றியதும் மேலும் 28 வாற்று குறைந்து கணினி 98இல் நின்றது.

பெரிய செலவு எங்கே என்பது அதற்குப் பிறகுதான் விளங்கிற்று. கமரா தான் காணும் படத்தைத் தானே சுருக்கிக் கட்டித்தான் அனுப்புகிறது. கணினி அந்தக் கட்டை அப்படியே வாங்கி வன்தட்டில் வைத்தால் போதும். அதற்கு அதிக உழைப்பில்லை. ஆனால் எங்கள் கணினியோ, அசைவு ஏதும் உண்டா என்று பார்ப்பதற்காக, வரும் ஒவ்வொரு கட்டையும் முழுதாக அவிழ்த்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. பையிலுள்ள கடிதங்களை எல்லாம் பிரித்துப் படித்துவிட்டுப் பட்டுவாடா செய்யும் தபாற்காரனைப் போன்றது அது.

நான் தாளையும் பேனையையும் எடுத்தேன். ஒரு படத்தில் அகலம் 2,560 புள்ளி, உயரம் 1,440 புள்ளி. செக்கனுக்கு 25 படம், ஆறு கமரா. பெருக்கினால் செக்கனுக்கு 55 கோடியே 29 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். எதற்காக? படலையில் ஒருவர் வந்தாரா இல்லையா என்று அறிவதற்காக!

தம்பி சிரித்தான். ஒவ்வொரு கமராவும் ஒரே காட்சியை இரண்டு விதமாக அனுப்பும் வசதியுடையது. ஒன்று முழு அளவான படம், மற்றது சிறிய படம். முழுப் படத்தை அவிழ்க்காமலே வன்தட்டுக்கு அனுப்பினான். அசைவைப் பார்ப்பதற்கு மட்டும் 640க்கு 360 புள்ளியுள்ள சிறிய படத்தை, செக்கனுக்கு ஐந்து என்ற கணக்கில் கொடுத்தான். மனிதன் ஒருவன் படலையிலிருந்து திண்ணைக்கு வரப் பல செக்கன்கள் ஆகும்; அவனைக் காண்பதற்குச் செக்கனுக்கு ஐந்து படம் தாராளம். அந்தச் சிறிய படத்தை அவிழ்க்கும் வேலையையும் செயலியில் அதற்கென்றே அமைந்த பகுதியிடம் ஒப்படைத்தான். மறுபடியும் பெருக்கினேன்: செக்கனுக்கு 69 இலட்சத்து 12 ஆயிரம் புள்ளிகள். முன்னையதில் சரியாக 80இல் ஒரு பங்கு. விசிறியின் இரைச்சல் தணிந்தது. மானி 51 வாற்றைக் காட்டிற்று. இரண்டு ஆண்டுகளாக அந்த அறை இப்படி அமைதியாக இருந்ததில்லை.

பதிவுகளை ஒரு மாதத்துக்குப் பதிலாக ஒரு வாரம் வைத்திருந்தால் போதும் என்று முடிவு செய்தோம். களவு போனால் ஒரு வாரத்துக்குள் தெரியாதா? அதனால் இரண்டு வன்தட்டுகளில் ஒன்று மிஞ்சிற்று. அதைக் கழற்ற 7 வாற்று குறைந்தது. வேலையற்ற வேளையில் செயலி ஓய்ந்திருக்கும்படி கணினியின் அடிப்படை அமைப்பில் செய்த சிறு மாற்றங்களால் மேலும் 6 வாற்று. கணினி 38இல் நின்றது.

இவ்வளவோடு இக்கட்டுரை முடிந்திருக்குமானால், அது ஒரு கணக்கு வாத்தியாரின் சிக்கனக் குறிப்பாகவே இருந்திருக்கும். ஆனால் தம்பி புறப்படும் முன் ஒரு பட்டியலைக் காட்டினான்.

கணினி எந்தக் கமராவில் எத்தனை முறை அசைவைக் கண்டது என்னும் பட்டியல் அது. கிணற்றடிக் கமராவே எல்லாவற்றையும் விஞ்சி நின்றது. ஒவ்வொரு அசைவுக்கும் கணினி ஒரு குறிப்பு எழுதி, ஒரு படமும் எடுத்து வைக்கிறது. வீண் அசைவு என்றால் வீண் வேலை. "சேர், கிணத்தடிக்கு இவ்வளவு சனம் வருதே?" என்று கேட்டான். "அயலிலை ஒரு பிள்ளை பின்னேரத்திலை தண்ணி அள்ள வரும்" என்றேன்.

அந்த மாதத்துப் பதிவுகளைத் திறந்து பார்த்தோம். வாழையிலை காற்றில் ஆடிற்று. காகம் துலாவில் வந்து இருந்தது. கீரி ஒன்று ஓடிற்று. மீண்டும் வாழையிலை. நாள்தோறும் வாழையிலை. ஒரு மாதத்துப் பதிவில் மனிதர் ஒருவர்தானும் கிணற்றடிக்கு வரவில்லை.

இந்தக் கிணற்றின் கதையை நான் இங்கே சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் காலத்தில் அது எல்லோருக்குமான கிணறாக இருக்கவில்லை. சாதி காரணமாகப் பொது இடங்களில் மனிதரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்திருந்தது. சட்டம் வந்தும் கிணறுகள் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் எங்கள் கிணற்றடிக்கு அப்பால் குடத்தோடு காத்து நிற்பார்கள். யாராவது அள்ளி ஊற்றினால் உண்டு. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சாதிக் கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டபோது எனக்கு வயது 17. வீதியோரத்தில் நின்று பார்த்தேன். ஊர்வலத்தில் இறங்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த வெட்கம் என்னை விட்டு நீங்கவில்லை. 1974இல் தகப்பனார் காலமானபின் நான் செய்த முதற் காரியம், பின்வேலியில் ஒரு பொட்டுத் திறந்து, அயலவர் எல்லோரும் தாமாகவே வந்து அள்ளலாம் என்று சொன்னதுதான். முதலில் வந்தவர் அயலிலிருந்த ஓர் ஆச்சி. அவருடைய மகளே நான் சொன்ன அந்தப் பிள்ளை. இப்போது அவளும் பேரப்பிள்ளை கண்டவள். வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவள்.

சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் பிரச்சினையாய் வெடித்த நாட்களில், பழுதடையாத என் கிணற்றுக்கு அயலூர்க்காரரும் கலன்களோடு வந்தார்கள். அந்த மாசுக்காக 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு கட்டளையிட்டது. மின்சாரம் வானத்திலிருந்து வருவதன்று என்பதை எங்கள் பகுதி மக்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அதற்கு யாரோ ஒருவருடைய கிணறு விலையாகிறது. மலையகத்தில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. நீர் வற்றும் காலத்தில் அங்கிருந்த கோயில் வெளியே தெரிகிறது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலையம் கடல் கடந்து வரும் நிலக்கரியை எரிக்கிறது; அங்கே ஓர் அலகு பிறக்க அரைக் கிலோ அளவில் நிலக்கரி சாம்பலாகிறது. என் காவற் பொறி மாதந்தோறும் உண்டது மூட்டைக் கணக்கில் நிலக்கரிக்குச் சமம். அவ்வளவையும் எரித்து அது கண்டது வாழையிலை.

மறுநாட் காலை அவள் வீட்டுக்குப் போனேன். தண்ணீருக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டேன். குழாய்நீர் வந்திருக்கும் என்று இரண்டு ஆண்டுகளாக என் மனம் தனக்குத்தானே விடை சொல்லிக்கொண்டிருந்தது. குழாய்நீர் வரவில்லை. ஒழுங்கை முடிவிலுள்ள பொதுத் தாங்கியில் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் மைல் நடை.

"மாஸ்டர், குறையா நினைக்காதையுங்கோ" என்றாள். "ஆச்சி காலத்திலை மனிசர் பார்த்துக்கொண்டு நிண்டவை. இப்ப அந்தக் கண் நிக்குது. தண்ணி அள்ளேக்கை ஆரோ எண்ணிறமாதிரிக் கிடக்கு. ஒரு சாமான் காணாமல் போனால் எங்கடை முகம்தானே அதிலை நிக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? கிணற்றடியில் கமரா பூட்டிய அன்று நான் அருகில்தான் நின்றேன். நீர் மோட்டரைக் களவெடுப்பார்கள் என்று மகன் சொன்னான், சரி என்றேன். எவர் களவெடுப்பார் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேளாமலே இருவர் மனத்திலும் ஒரு விடை இருந்திருக்கிறது. பொதுவுடைமை பேசி, வகுப்பறையில் சமத்துவம் கற்பித்து, பொட்டுத் திறந்த அதே மனிதன், தன் கையாலன்றி ஓர் இயந்திரத்தின் கையால் அந்தப் பொட்டை மீண்டும் அடைத்துவிட்டான். வேலியடைக்க ஓலையும் கதியாலும் வேண்டியிருந்த காலம் போய், இப்போது 5 வாற்று போதும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் நின்றதை நினைத்தேன். அந்த நாட்களில் கணினியும் இருளில் கிடந்தது. வீட்டை யார் காத்தார்? புழுக்கம் தாளாமல் ஒழுங்கை முழுவதும் படலைக்கு வெளியே இருந்து பேசிக்கொண்டிருந்தது. அவளுடைய மகன் இரவில் என் படலையடியில் வந்து, "மாஸ்டர், சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுவிட்டுப் போவான். காவல் என்பது அதுதான். அதற்கு வன்தட்டு வேண்டியிருக்கவில்லை.

தம்பியை மீண்டும் அழைத்து மூன்று கமராக்களைக் கழற்றுவித்தேன்: கிணற்றடி, ஒழுங்கை, உள்மண்டபம். படலை, திண்ணை, பின்கதவு ஆகிய மூன்றும் இருக்கின்றன. களவு உண்மையாகவே நடக்கிறது. வயதானவர்களைத் தாக்கியும் இருக்கிறார்கள். பயமே இல்லை என்று நான் வீரம் பேசப் போவதில்லை. என் வளவையும் என் வாசலையும் பார்க்க எனக்கு உரிமை உண்டு. பிறர் நடக்கும் ஒழுங்கையையும் பிறர் அள்ளும் நீரையும் பார்க்க எனக்கு என்ன உரிமை?

மூன்று கமரா குறைந்ததால் 34 வாற்று 19 ஆயிற்று. கணினியின் 38உடன் சேர்த்து மொத்தம் 57. மாதம் 41 அலகு. முன்பு 131. மீதமானது 90 அலகு. என் வீட்டுப் பட்டியல் 206இலிருந்து 116க்கு இறங்கி, உச்சப்படியை விட்டு 120க்குள் வந்து நின்றது.

மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். "அப்பா, கரண்ட் காசை நான் அனுப்பிறன். மண்டபத்துக் கமராவை மட்டுமாவது விடுங்கோ. நீங்கள் விழுந்து கிடந்தால் எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளையின் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். காசு அல்ல விடயம் என்று விளக்கினேன். கிணற்றின் கதையையும் சொன்னேன். அவன் பிறப்பதற்கு முன்னைய கதை. அவனுக்கு அதை நான் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈற்றில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நாளுக்கு ஒரு முறை, எங்கள் இரவு எட்டு மணிக்கு, அவன் வேலைக்குப் போகும் வழியில் அழைப்பான். நான் எடுக்காவிட்டால் அயலில் அவளுடைய மகனை அழைப்பான். முன்பு அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது என்னோடு பேசுகிறான்.

கையளவான புதிய சிறு கணினி ஒன்றை வாங்கினால் இப்போதைய 38 வாற்றும் பத்தளவுக்கு இறங்கும் என்று தம்பி சொல்கிறான். கணக்கு சரிதான், மாதம் 20 அலகு மிஞ்சும். ஆனால் அந்தப் புதிய பெட்டியும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் மின்னும் மனித உழைப்பும் தின்றே பிறக்கிறது. ஓடும் பழையதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பழையது தானாக ஓயும் நாளில் அதைப் பற்றி யோசிப்பேன். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின் நின்றபோது, முன்பு கால் மணி நேரமே தாங்கிய மின்கலப் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பழையதைத் தாங்கிற்று. பிறகு அதுவும் ஓய்ந்தது. வீட்டில் ஒன்றும் களவு போகவில்லை.

சிக்கனம் என்று நமக்குப் போதிக்கப்படுவது பெரும்பாலும் ஏழைகளுக்கான போதனையாகவே இருக்கிறது. ஒரு விளக்கை அணை, ஒரு வேளையைக் குறை என்று இல்லாதவரிடம் சொல்லுகிறார்கள். உள்ளவருடைய வீடுகளில், அவர் உறங்கும்போதும் ஊரில் இல்லாதபோதும், அவருடைய பயத்தின் பொருட்டு எரிந்துகொண்டிருப்பது எவ்வளவு என்று எவரும் மானி பூட்டிப் பார்ப்பதில்லை. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நீங்கள் உங்கள் வீட்டிலும் பாடசாலையிலும் அதைச் செய்து பார்க்கலாம். முதலில் எத்தனை வாற்று என்று கேளுங்கள். பிறகு எதைப் பார்ப்பதற்காக என்று கேளுங்கள். அதன் பிறகு, யாரைப் பார்ப்பதற்காக என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

கமராவைக் கழற்றிய பின்னும் அவள் உடனே வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். இரண்டு ஆண்டுப் பழக்கத்தை ஒரு திருகாணியால் கழற்ற முடியாது. மூன்றாம் வாரம் ஒரு பின்னேரம் அவளுடைய பேத்தி கையில் ஒரு கலனோடு பொட்டால் நுழைந்து வந்தாள். கிணற்றடிக்கு வந்ததும் கமரா இருந்த சுவரை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே நான்கு ஆணித் துளைகள் இருந்தன.

பிறகு வாளியை இறக்கினாள்.